மகள் கல்யாணப் படம்

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "பித்தப்பையில கட்டி இருக்கு. புற்றுநோயான்னு சோதிக்கணும். கண்ணு எப்பலேர்ந்து மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா," என்றாள் மனைவி. "அரிப்புதான் கொஞ்ச நாளா இருக்கு. சாப்பாடும் இறங்கல. கல்யாணப் பொண்ணைவிட நீதான் ஒல்லின்னு இவர்கூட கேலி பண்ணினார்."

பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர், போட்டோ ஸ்டூடியோக்காரர், தலையைக் குனிந்துகொண்டார்.

"வலி?"

"வலது விலாவுக்குக் கீழ. வாயுன்னு விட்டுட்டேன்." அவள் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். "ரெண்டு மாசம் முன்னாடி, மக கல்யாணத்துல. கண்ணு எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க! இவர் எடுத்ததுதான். போட்டோக்காரர் பொண்டாட்டின்னா சும்மாவா?"

டாக்டரின் முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப மஞ்சள் புதுசுதான். ரொம்பத் தள்ளிப் போடாம வந்துட்டீங்க."

"இல்லை டாக்டர்." ஸ்டூடியோக்காரர் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல இவ கண்ணை நான்தான் வெள்ளையாக்கினேன். மண்டபத்து விளக்கு மஞ்சளா அடிக்குதுன்னு நினைச்சேன்."

"அப்படின்னா எல்லார் கண்ணுமே மஞ்சளா விழுந்திருக்கணுமே?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பக்கத்துல நின்ன மாப்பிள்ளை கண்ணைத் தொட வேண்டிய அவசியமே வரலை, டாக்டர்."