மாப்பிள்ளையும் மதர்போர்டும்

"இந்தப் பையன் வேண்டாம் ராஜம். வாய்த்துடுக்கு ஜாஸ்தி" என்றபடி பஞ்சு சமையலறைக்குள் நுழைந்தார்.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மியின் கை நின்றது. ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி, இன்று மாப்பிள்ளைப் பையன் மாதவ் மட்டும் வாஷியிலிருந்து மும்பை மாட்டுங்காவில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். பஞ்சு 'சரி' என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி. வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்த மகள் மானஸாவுக்கே இவனைப் பிடித்துவிட்டது. அதற்குள் இந்த மனுஷன் என்ன கூத்தடித்துவிட்டு வந்திருக்கிறாரோ!

"அப்படி என்ன சொன்னான்?"

"என்னைத் திருடன்னுட்டான்."

நடந்தது இதுதான். மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பஞ்சுவின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு புகைந்துவிட்டது. புதுசு மாற்றி, விண்டோஸையும் மறுபடி போட்டாயிற்று. அதுவோ 'உன்னை யாரென்றே தெரியாது, லைசென்ஸ் எங்கே?' என்கிற ரீதியில் திரையின் மூலையில் எழுதிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வரப்போகிறவன் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை. பஞ்சு விடுவாரா? பஜ்ஜித் தட்டோடு அவனை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"மாமா, உங்க லைசென்ஸ் கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்தது. பழைய போர்டு போச்சுன்னா அதுவும் போச்சு. புதுசா வாங்கணும்."

"ஒரு தடவை வாங்கினதை எதுக்கு மறுபடி வாங்கணும்? போன வருஷம் ஆஸ்பத்திரில எனக்கு முழங்காலை மாத்தினா. அதுக்காக மாமிக்கு மறுபடி தாலி கட்டினேனா?"

"முழங்கால்னா பரவாயில்லை மாமா. இது தலையையே மாத்தின மாதிரி."

மானஸா சிரித்தாள். பஞ்சு சிரிக்கவில்லை.

"ஏதோ கிராக்னு இருக்காமே, காசே இல்லாம ஓடுமாம். பில்டிங்ல பாதிப் பேர் ஆத்துல அதுதான். நீயும் அந்த மாதிரி ஏதாவது குறுக்கு வழி, ஜுகாட் பண்ணேன்."

"அது திருட்டு மாமா" என்றான் மாதவ்.

பஞ்சு ஒரு வங்கியில் விஜிலன்ஸ் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். அடுத்தவன் திருட்டைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். அவர் வீட்டு பஜ்ஜியைத் தின்றுகொண்டே ஒருவன் இப்படிச் சொன்னால் பொறுக்குமா? எழுந்து உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே வந்த மானஸா சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டாள்.

"உண்மையைத்தானே சொல்லியிருக்கான்" என்றாள் ராஜலக்ஷ்மி.

"உண்மையெல்லாம் ஆபீஸோட சரி. ஆத்துக்கு வளைஞ்சு குடுக்கறவன் வேணும். இன்கம்டாக்ஸுக்காக மானஸா நமக்கு வாடகை குடுக்கறதா பொய் ரசீது போட்டுக் குடுக்கறேனே, அதைப் பார்த்தா இவன் போலீஸையே கூட்டிண்டு வருவான்."

"அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்கோ. என்னால ஆகாது" என்று காப்பி டம்ளரை அவர் கையில் திணித்தாள் ராஜலக்ஷ்மி.

'யோசிச்சு போன் பண்றோம்' என்று கத்தரித்துவிடும் முடிவோடுதான் பஞ்சு ஹாலுக்கு வந்தார். தற்செயலாகத் திரையைப் பார்த்தார். மூலையில் இருந்த எழுத்தைக் காணோம்.

"என்னாச்சு?"

"சரியாயிடுத்து மாமா."

"எப்படி?"

"அதை விடுங்கோ. ஓடறதோல்லியோ?"

பஞ்சுவின் முகம் மலர்ந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "புரியறது மாப்ளே. இதெல்லாம் வாயால சொல்லப்படாது" என்று அவன் தோளில் தட்டினார். புது முழங்காலையும் மறந்து உள்ளே ஓடினார்.

"ராஜம், பையன் தங்கம். பேச்சுல அரிச்சந்திரன், காரியத்துல கெட்டிக்காரன். சத்தமில்லாம கிராக் போட்டு முடிச்சுட்டான். அவா அம்மாவுக்கு இப்பவே போன் போடு."

மானஸாவின் முகம்தான் விழுந்துவிட்டது. 'அது திருட்டு' என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்னானே, அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போனவள், அது வருவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இது சரிப்படாது. திருட்டைப் பத்தி லெக்சரும் குடுத்துட்டு, அதையே பண்றதுக்கு எங்காத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். இன்னொருத்தர் வேண்டாம்."

மாதவ் திகைத்துப் போனான். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"நான் கிராக் எதுவும் போடலை. லைசென்ஸை என் காசுலதான் வாங்கிப் போட்டேன். ப்ளீஸ், உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ" என்றான். "நான் திருடன்னு நம்பித்தான் அவர் எனக்குப் பொண்ணைக் குடுக்கறார்."