பெஸ்ஸிக்கு வீக்கம்

"எனக்குக் கீழே வீங்கியிருக்குடா."

பள்ளிக்கூட வாத்தியார் பெஸ்ஸி இதைச் சொன்னது ஊர் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில், வேலைக்குப் போகுமுன், கழுத்தளவு நீரில். கூட உட்கார்ந்திருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"கீழேன்னா... கணுக்காலா?" என்றார் போதகர் ஓர்ரி, நம்பிக்கையோடு.

"இன்னும் மேலே."

"முழங்காலா?"

"இன்னும் மேலே, போதகரே."

போதகர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதலில் சிரித்தவன் தூமி. மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். அவன் சிரித்தால் தொட்டித் தண்ணீர் தளும்பி வெளியே வழியும்.

"எந்தப் பக்கம்டா, வாத்தியாரே?"

"இடது."

"வலது ஓடுதில்ல? ஒத்தை எஞ்சின்லயே நான் கிரீன்லாந்து வரைக்கும் போய் வந்திருக்கேன்!"

"கிண்டல் பண்ணாதே. வலியில்ல. ஆனா கல்லு மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட போகலாமான்னு பார்க்கிறேன்."

"வலிக்காததுக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா? அந்த சோல்ரூன் அம்மா உன் பொண்டாட்டி கூட சர்ச்சுல பாடுறவங்க. ஞாயித்துக்கிழமை அவங்க மூஞ்சியை எப்படிடா பார்ப்பே?"

ஒருவன் சுறா ஈரல் எண்ணெய் தடவச் சொன்னான். இன்னொருவன் கம்பளி ஜட்டியை விடச் சொன்னான்.

"ஒரு மண்ணும் வேணாம்," என்றான் தூமி. "தானா வந்தது தானா போயிடும். கொஞ்ச மாசம் ஆகும், அவ்வளவுதான். கண்டுக்காதே."

இதே தூமி, ஜீப்பில் லேசாக ஒரு 'கிர்ர்' கேட்டால் அப்போதே ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பான்.

"தனியாப் போகப் பயமா இருக்குடா. நீயும் வாயேன்," என்றான் பெஸ்ஸி.

"நான் எதுக்கு? பிடிச்சுக்கவா? எதைடா பிடிச்சுக்கறது?"

தொட்டியே குலுங்கியது. ஆனாலும் தூமி போனான். இப்படி ஒரு கூத்தை நேரில் பார்த்தால் அடுத்த பயணம் முழுக்கக் கப்பலில் சொல்லிச் சிரிக்கலாமே.

கிளினிக்கில் நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சத்தமாகச் சொன்னான்: "இவருக்கு ஒரு டயர் வீங்கிப்போச்சும்மா. வெடிக்கறதுக்குள்ள உள்ளே அனுப்பு."

காத்திருந்த இரண்டு பெண்கள் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பெஸ்ஸியின் காது மடல் சிவந்துவிட்டது.

"நீயும் உள்ளே வாடா," என்றான்.

"ஆஹா, ஓசியில காட்சி!"

டாக்டர் சோல்ரூன் நாற்காலியைக் காட்டினார். பெஸ்ஸி உட்காராமலே கேட்டான்.

"டாக்டர், முதல்ல ஒரு சந்தேகம். எதுக்கு வரணும், எதுக்கு வர வேணாம்? வலிக்கலைன்னா வரவே வேணாங்கறான் இவன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் தூமியைப் பார்த்தார்.

"அங்கே திடீர்னு தாங்க முடியாத வலி வந்தா அந்த நிமிஷமே ஓடி வரணும். நேரம் போனா விதையே செத்துப்போயிடும். புண்ணு, சீழ், சிறுநீர்ல ரத்தம், எரிச்சல், இதுக்கும் தள்ளிப்போடாம வரணும். வலிக்காத கட்டி இருக்கு பாருங்க, அதுலதான் ஆம்பளைங்க ஏமாந்துபோறீங்க. பல தடவை வெறும் நீர்க்கட்டியா இருக்கும். சில தடவை புற்றுநோயா இருக்கும். எது எதுன்னு வீட்டுல உக்காந்து தடவிப் பார்த்தாத் தெரியாது. புற்றாவே இருந்தாலும், சீக்கிரம் வந்தவங்க அநேகமா எல்லாருமே பிழைச்சிடறாங்க."

"லேட்டா வந்தா?"

கேட்டது தூமி. குரலில் சிரிப்பு இல்லை.

"இன்னும் லேட் பண்ணாம வந்தா நல்லது."

தூமி சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"எங்க கப்பல்ல ஒருத்தன், டாக்டர். அவனுக்கு... போன கிறிஸ்துமஸ்லேருந்து..."

"அந்த ஒருத்தர் இப்ப கடல்ல இருக்காரா? இல்ல, இந்த ரூம்லயா?"

தூமி தொப்பியைக் கையில் போட்டுக் கசக்கினான்.

"என்னுதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்று பெஸ்ஸி வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

அந்த வாரமே தலைநகர் ரெய்க்யாவிக்கில் தூமிக்கு ஆபரேஷன். புற்றுதான். ஒன்றை எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை.

வசந்தத்தில் அவன் தொட்டிக்குத் திரும்பினான். குரலும் கூடவே திரும்பிவிட்டது.

"இந்தக் கோழை நடுங்கறானேன்னு துணைக்குப் போனேன். போனது நல்லதாப் போச்சு. எனக்கு இருந்தது நிஜமான வியாதி. வாயைத் திறந்தேனா? இவன் பாரு, ஒரு கொப்புளத்துக்கு ஊரையே கூட்டினான்!"

எல்லோரும் சிரித்தார்கள். போதகரும்தான். 'வீங்கின வாத்தியார்' என்ற பெயர் அதற்குள் பள்ளிக்கூடம் வரை போயிருந்தது. பெஸ்ஸியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அன்று மாலை கடையில், தயிர் அலமாரிக்குப் பக்கத்தில் டாக்டர் சோல்ரூன் அவனை மடக்கினார்.

"வாத்தியாரே, அன்னைக்குப் போனவர் போனவர்தான். எத்தனை தடவை போன் பண்றது? இவ்வளவு கேட்டும் இப்படி அலட்சியமா இருக்கலாமா? நாளைக்குக் காலையில நீங்க வந்தே ஆகணும்."

பெஸ்ஸி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல, டாக்டர். தொட்டியில இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அம்மணமாத்தானே குளிக்கிறோம்? அவனுக்குப் பக்கத்துக் குழாய் என்னுது. அவன் வீக்கத்தை அங்கேதான் பார்த்தேன். 'உனக்கு வீங்கியிருக்கு'ன்னு சொல்லியிருந்தா மூக்கை உடைச்சிருப்பான். எனக்குன்னு சொன்னதால வெறுமே சிரிச்சான். சிரிச்சுட்டுப் போகட்டும்."