ஆறாவது கிலோமீட்டர்

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக இருந்தாள். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு, எப்போதோ மூடிவிட்ட பதினோரு கிலோமீட்டர் சரக்குப் பாதையை அதற்குள் மறுபடி போட்டு முடித்தாள். சிமென்ட் ஆலையிலிருந்து ஜங்ஷன் வரை, ஏழு மாத வேலை.

"யாரும்மா இதை ஓட்டப்போறாங்க?" என்றாள் மகள் ஃபோனில்.

"யாராவது ஓட்டாமலா போயிடுவாங்க?"

இணையத்தில் ஏற்றி ஒரு மாதமாகியும் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. காலையில் அவளே ஒரு நடை ஓட்டிவிட்டுச் சமைக்கப் போவாள்.

ஒருநாள் ஒரு மெயில் வந்தது.

"அந்த லைன்ல பத்தொன்பது வருஷம் எஞ்சின் ஓட்டினவன் நான். கோவிச்சுக்காதீங்க, பாதிக்கு மேல தப்பு. ஆலையைத் தாண்டினதும் பெரிய ஏரி வரும், நீங்க பொட்டலா விட்டுட்டீங்க. பாலம் ரெண்டு இல்ல, மூணு. ஆனா ஆறாவது கிலோமீட்டர் கேட் மட்டும் அச்சு அசல். ஒழுகுற குழாயில சுத்தின துணிகூட விட்டுப்போகல. அதெப்படி?"

எதை எதையோ அடித்து அழித்துவிட்டு, கடைசியில் இதை மட்டும் அனுப்பினாள்.

"அந்த லைன்ல நான் ஒரு தடவைகூட ரயில் ஏறிப் போனதில்லைங்க. அந்த கேட்ல நின்னு உங்களுக்குப் பச்சைக்கொடி காட்டினவ நான்."

அவரிடமிருந்து பதில் வந்தது.

"தினம் கையாட்டிட்டுப் போனேன். ஏறிக்கோங்கன்னு ஒருநாளும் சொல்லலையே. மன்னிச்சிடுங்கம்மா."