ஏழு கட்டம்

மைக்க எடுத்துக்கிட்டு போட்டி நடத்துறவரு நேரா எங்கப்பா பக்கம்தான் போறாரு.

மேடையில உக்காந்திருக்கேன். கரண்டு போயிடணும், கரண்டு போயிடணும்னு வேண்டிக்கிறேன்.

போகல.

இது மத்தியானம் நடந்தது. இப்ப வீட்ல எல்லாம் தூங்கியாச்சு, எனக்கு மட்டும் தூக்கம் வரல. யார்கிட்டயும் சொல்லிடாத.

எங்க ஸ்கூல் ஹால்ல குறுக்கெழுத்துப் போட்டி ஃபைனல். செவுத்துல கட்டம் கட்டமா லைட்டடிச்சு காட்டுறாங்க. பூரா கலை, இலக்கிய வகைங்கதான். ஜப்பான்காரன் எழுதுற மூணு வரி கவிதை, மூணு கட்டம். பேய் வந்து பயமுறுத்துற சினிமா, மூணு கட்டம். ராஜா வீதியில வர்றத பாடுற இலக்கியம், ரெண்டு கட்டம்.

எல்லாம் டக்கு டக்குனு சொல்றானுங்க. ஒருத்தனும் ஒண்ணையும் படிச்சிருக்க மாட்டான், பாத்திருக்க மாட்டான். டப்பா மேல ஒட்டியிருக்கிற பேரு மட்டும் தெரியும். தொறந்து பாத்ததில்ல.

நடத்துறவரு ஜிப்பா போட்டு சென்னையில இருந்து வந்தவரு. விடை சொன்னாலும் விட மாட்டாரு. இது எப்படி உனக்குத் தெரியும்னு மைக்க மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. அப்பா வாங்கிக் குடுத்த புக்குல படிச்சேன்னு அவனவன் பல்ல இளிப்பான். கூட்டம் கை தட்டும்.

கடைசிக் கேள்வி எனக்கு. சொன்னா கப்பு எனக்குத்தான்.

கூத்துல ராஜா வேஷக்காரர் வெளிய வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேரு புடிச்சிருக்கிற துணிக்குப் பின்னால நின்னு பாடுற பாட்டு வகை. ஏழு கட்டம்.

திரை விருத்தம்.

எனக்கா தெரியாது. சின்ன வயசுல அந்தத் துணியோட ஒரு முனைய புடிச்சிக்கிட்டு தூங்கி விழுந்தவன் நான். துணிக்கு அந்தப் பக்கம் பாடுனது எங்கப்பா.

ஆனா ஸ்கூல்ல எங்கப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கு. ஆறாவதுல இருந்து அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். வேற இன்னா சொல்றது. மூஞ்சியெல்லாம் செவப்பா பூசிக்கிட்டு, தோள்ல மரக்கட்டை நகைய கட்டிக்கிட்டு, விடிய விடிய குதிக்கிற ஆளுன்னா? காலைல வண்டியில என்னை கொண்டு வந்து விடும்போதுகூட அந்தாளு ஸ்கூல் கேட்டு வரைக்கும் வர மாட்டாரு. முக்கு டீக்கடையிலயே எறக்கி விட்டு, நடந்து போடா, நான் டீ குடிக்கணும்னுவாரு. டீக்கு எப்படி அலையுது பாருன்னு நெனச்சுக்கிட்டே நடப்பேன்.

விடை சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க.

தெரியல சார்னேன்.

ஜிப்பாக்காரருக்கு ஒரே சந்தோஷம். அழிஞ்சுபோன பாட்டு வகையாம், அதனாலதான் பசங்களுக்குத் தெரியலையாம். நேத்து ராத்திரி கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஊரே உக்காந்து கேட்டுச்சு. அழிஞ்சுபோச்சாம்.

அப்புறம்தான் மைக்கோட கீழ எறங்குனாரு, பெத்தவங்கள்ல யாருக்காச்சும் தெரியுமான்னு.

எங்கப்பா கடைசி வரிசையில, ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நான் வான்னு கூப்பிடல. அம்மா வாய் சும்மா இருந்திருக்காது. கூத்து முடிச்சு, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல பஸ்ல நின்னுக்கிட்டே நேரா வந்திருக்காரு. காது மறையற மாதிரி துண்ட தலையில சுத்தியிருந்தாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும். காதுக்குப் பின்னால இருக்கிற சாயம் லேசுல போகாது.

இன்னிக்குத்தான் வரணுமான்னு பல்ல கடிச்சேன்.

ஜிப்பாக்காரரு அவர்கிட்ட நின்னு மைக்க நீட்டுனாரு. ஐயாவுக்குத் தெரியுமா, எந்தப் புள்ளையோட அப்பா நீங்கன்னு கேட்டாரு.

எங்கப்பா எழுந்தாரு. என் பக்கம் பாக்கவே இல்ல.

"நான் மைக் செட்டுக்கு வந்த ஆளுங்க."

ராத்திரி பூரா பாடுன தொண்ட. காத்துதான் ஜாஸ்தியா வந்துச்சு.

அடுத்த நிமிஷமே அந்த ஐயாங்கிறது போச்சு. அப்ப அந்த ஸ்பீக்கர கொஞ்சம் இப்படி திருப்பி வைப்பான்னாரு.

எங்கப்பா குனிஞ்சு, பாக்ஸ கட்டிப் புடிச்சு தூக்கி, திருப்பி வச்சாரு. போதுங்களான்னு கையால கேட்டாரு. விடியற வரைக்கும் ராஜாவா நின்ன ஆளு.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

கப்பு பக்கத்து சீட்டு சிவப்பிரியாவுக்குப் போச்சு. எனக்கு ஒரு டிபன் பாக்ஸ்.

சாயங்காலம் எங்கப்பா கழுத்துல எண்ணெய் தேச்சு மிச்ச சாயத்த தொடச்சாரு. சாப்பிட்டாரு. பைய எடுத்தாரு. எப்பவும் கெளம்பும்போது கேப்பாரு, திரை புடிக்க ஆளு கம்மி, வரியாடான்னு. நான் போனப் பாத்துக்கிட்டே, வேற வேல இல்லையான்னுவேன்.

இன்னிக்கு கேக்கல. செருப்ப மாட்டிக்கிட்டு போயிட்டாரு.

அம்மா எனக்கு டீ போட்டு எடுத்தாந்துச்சு. ஒரே ஒரு டம்ளர். அதப் பாத்தப்பதான் எனக்கு முக்கு டீக்கடை ஞாபகம் வந்துச்சு.

எங்க வீட்ல எங்கப்பாவுக்கு டீ போடறதே இல்ல. தொண்டைக்கு ஆகாதுன்னு எப்பவும் சுக்குத் தண்ணிதான்.

அப்ப நான் சொன்ன பொய், எந்த வருஷத்துல இருந்து அவருக்குத் தெரியும்?