இதோ வந்துட்டேன்

எனக்கு நெஞ்சுவலி வந்த பிறகு, உட்கார்ந்தே இருக்காமல் எழுந்து நடக்கணும் என்று டாக்டர் சொன்னதால், என் மனைவி பூங்கோதை இந்தச் சோபாவை வாங்கிப்போட்டாள். உட்கார்ந்தபடி "இதோ வந்துட்டேன்" என்றால், அதை அப்படியே நம்பி ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். கல்யாணமானதிலிருந்து அந்த ஒரு வார்த்தையிலேயே காலம் தள்ளியவன் நான். முதல் வாரம் பந்து மாதிரி எகிறினேன். பிறகு புத்தி வந்தது. அவள் கூப்பிட்டால் வாயே திறப்பதில்லை.

"என்னங்க... என்னங்க!"

பதில் வராவிட்டால் பதறிப்போய், அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு ஓடி வருவாள். என் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள்.

"மூச்சு இருக்கு. வாய்தான் இல்ல" என்று திட்டிக்கொண்டே திரும்புவாள். தினமும் இதே ஓட்டம்தான்.

நேற்று டாக்டர் என் தொப்பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லா இளைச்சிட்டீங்களேம்மா! சோபா யாருக்கு வாங்கினீங்க?"

பூங்கோதை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. அவள் விரல் மட்டும் பழக்கத்தில் என் மூக்கருகே வந்தது.