முதல் விளைச்சல்

உரத்துக்கு வெட்டிய பாஸ்பேட் பாறையெல்லாம் பூமியில் தீர்ந்துபோன பிறகு, செத்தவர்களின் எலும்பைத்தான் வயலுக்குப் போடுகிறார்கள். அதில் விளைந்த முதல் மூட்டை அரிசி, இறந்தவரின் பெயரும் வயதும் அச்சாகி, ரேஷன் கடை வழியே அவர் வீட்டாருக்கே வரும். மரியாதையாம். ஆனால் தன் வீட்டு மூட்டையை உலையில் போட யாருக்கு மனசு வரும்? கடை வாசலிலேயே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குணவதியும் புருஷன் தவசியின் மூட்டையோடு நின்றாள். முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் வந்து, "மாத்திக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கம்மா. என் வீட்டுக்காரரு. நல்ல மனுசன்."

அந்தப் பெண் தன் மூட்டையை இடுப்பில் வைத்திருந்தாள். இறக்கிக் கொடுக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

"வழியில எங்கயும் கீழ வெச்சிராதீங்கக்கா."

வீட்டுக்கு வந்துதான் குணவதி மூட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மகிழினி, வயது மூன்று.

ரேஷனில் வேறு அரிசி கிடையாது. பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்தவள், பசி தாங்காமல் உலை வைத்தாள். சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள்.

வெகு நேரம் அதை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே இருந்தாள்.