ஒன்பதாவது குழாய்

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் கொட்டகையில் இருந்த பழைய லேப்டாப், வருஷம் 2011 என்று காட்டியது. ரோண்டாவுக்கு அது பொறுக்கவில்லை.

பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கிளப்பின் தலைவி. வேலியைத் தாண்டினால் அவள் வீடு. அதனால் சாவியும் அவளிடம்தான். திங்கட்கிழமை உள்ளே வந்தவள், தேதியைச் சரிசெய்து, தூசியையும் துடைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அதே லேப்டாப் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

புல்தரையைக் கவனித்துக்கொள்ளும் நெவில், கண் ஆபரேஷனுக்காக அடிலெய்டு போயிருந்தார். போகும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னார். வெள்ளிக்கிழமை வடக்குக் காற்று அனலாக அடிக்குமாம். அது கிளம்புவதற்குள் தரைக்குக் கூடுதலாக ஒரு தண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் புல் வெந்துபோகும். மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்களோடு போட்டி. கருகின தரையில் பந்து உருட்டினோம் என்று அவர்கள் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

போட்டிக்கு நடுவே தேநீருக்கு ரோண்டாவின் எலுமிச்சை கேக் தயார். எல்லாம் அவள் வீட்டு மரத்துப் பழம். கணவர் கீத் இருந்தவரை அந்த மரத்துக்கு வாளி வாளியாக ஊற்றுவார். அவர் போன பிறகு அவள் ஒரு சொட்டு ஊற்றினதில்லை. “செல்லம் கொடுத்தா மரமும் கெட்டுப்போகும், பிள்ளைங்க மாதிரி. இப்ப எப்படிக் காய்க்குது பாருங்க” என்று கேக்கை நறுக்கும்போதெல்லாம் சொல்வாள்.

தெளிப்பான்களை ஓட்டும் பெட்டி, வழக்கமான தண்ணீரைத் தானே விட்டுவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக்குள் ஜாவா ஆப்லெட் என்று ஒரு குட்டி நிரல் ஓடும். இன்று ஓட மறுத்தது. அனுமதி காலாவதி ஆகிவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் காட்டியது. தன் புது டேப்லெட்டில் முயன்றாள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது, அதோடு சரி.

நெவிலைப் போனில் பிடித்தாள்.

“கடிகாரத்தைத் தொட்டீங்களா?” என்றார் எடுத்த எடுப்பில்.

“தொட்டேன். வருஷக்கணக்கா பின்னாடி கெடந்தது. சரி பண்ணி வச்சேன்.”

“டீச்சரம்மா திருத்திட்டீங்களாக்கும். இப்ப அதை மறுபடி தப்பாக்குங்க.”

நெவில் பொறுமையாக விளக்கினார். புதுப் பிரவுசர் எதுவும் ஆப்லெட்டைச் சீந்துவதில்லை. கொட்டகை லேப்டாப்பில் இருக்கும் பழைய பிரவுசர் ஓட்டும். ஆனால் ஆப்லெட்டுக்குக் கொடுத்த கெடு என்றைக்கோ முடிந்துவிட்டது. இன்னும் முடியவில்லை என்று லேப்டாப் நம்புகிறவரைக்கும்தான் வேலை நடக்கும். அதனால்தான் அதை இணையத்தோடு சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் சரியான தேதியைத் தானே தெரிந்துகொண்டுவிடும்.

“என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்க.”

“மெஷின்கிட்டதானே.”

2011, கீத் உயிரோடு இருந்த வருஷம். ரோண்டா தங்கள் கல்யாண நாளைத் தேதியாகப் போட்டாள். பிரவுசரை மூடித் திறந்தாள். சாம்பல் கட்டம் சற்று யோசித்தது. பிறகு பச்சையாக விரிந்தது. எட்டுக் குழாய்களையும் வரிசையாகத் திறக்க, வெளியே தெளிப்பான்கள் சீறிக் கிளம்பின.

“ஓடுது,” என்றாள் நிம்மதியாக.

“அப்ப நாளைக்குத் தோத்தா தரை மேல பழி போட முடியாது.”

சிரித்துக்கொண்டே பக்கத்தைக் கீழே தள்ளியவள் நின்றாள். எட்டுக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

“நெவில், தரைக்கு எட்டுக் குழாய்தானே? பேர் போடாம ஒன்பதாவதா ஒண்ணு இருக்கே. வாரா வாரம் ஓடுது.”

அது ஒன்றுமில்லை, அப்படியே விடுங்கள் என்றார் நெவில் அவசரமாக.

ரோண்டாவின் முகம் இறுகியது. புதுப் பெட்டி வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றது நெவில்தான். இப்போதல்லவா காரணம் புரிகிறது.

“கிளப் தண்ணி யார் வீட்டுக்குப் போகுது?”

“வேண்டாம்னா நிறுத்திடுங்க டீச்சரம்மா. எதுக்குக் கோபம்?”

“நிறுத்தத்தான் போறேன். கமிட்டியில கேட்கவும் போறேன். ஊர்ல அவனவன் பாத்திரம் கழுவின தண்ணியைச் செடிக்கு ஊத்திக்கிட்டிருக்கான்.”

கேட்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒன்பதாவது குழாயைத் திறந்தாள். போனைக் காதில் வைத்தபடியே கொட்டகையைச் சுற்றி வந்தாள். பின்சுவரிலிருந்து மெல்லிய கறுப்புக் குழாய் ஒன்று, பாதி மண்ணில் புதைந்து, தகர வேலியை நோக்கிப் போனது. வேலிக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

ஒரு பழைய மரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

“என்ன, நிறுத்திட்டீங்களா?” என்றார் நெவில்.

வேலிக்கு அந்தப் பக்கம், சருகுகளுக்கு அடியில், செல்லமே கொடுக்காமல் வளர்த்த அவளுடைய எலுமிச்சை மரத்தைச் சுற்றி மண் மெல்ல நனைந்துகொண்டிருந்தது.